புல்லட், சேலை கார்டு, சத்திரம்: ஜோடியாகப் பயணம் போனவர்கள் ராத்திரி எங்கே தங்கினார்கள்?

எங்கள் ஊர் குத்தாலம் என்று சொன்னால் பத்தில் எட்டு பேர் கேட்கும் முதல் கேள்வி, "அருவியில தண்ணி வருதா?" என்பதுதான். ஐயா, அது தென்காசிப் பக்கம் இருக்கும் குற்றாலம். எங்களுடையது காவிரிக் கரை குத்தாலம். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகிற வழியில் இருக்கிறது. அருவி கிடையாது, மலை கிடையாது, குரங்கு உண்டு. முன்பு தஞ்சாவூர் மாவட்டம், 1991ல் நாகப்பட்டினம் மாவட்டம், 2020ல் மயிலாடுதுறை மாவட்டம். ஊர் இடத்தை விட்டு நகரவில்லை, விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது!

போன மாதம் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது பைக் பயணம் பற்றிப் பேச்சு வந்தது. கணவனும் மனைவியுமாக ஒரு பைக்கில் ஏறி, பின்னால் டெண்ட்டைக் கட்டிக்கொண்டு, மலை, காடு, கடற்கரை என்று சுற்றி, கிடைத்த இடத்தில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்டா, நம்ம ஊருக்கு சரிப்படாது" என்றான் ஒருவன். எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. நம் ஊரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நெடுந்தூரம் போனதே இல்லையா? போனவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள்? நான் படிப்பது பி.காம். வரலாறு என் பாடமில்லை. ஆனாலும் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஜோடி: புகாரிலிருந்து மதுரை

தமிழில் ஜோடிப் பயணம் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர்கள் கோவலனும் கண்ணகியும். சிலப்பதிகாரத்தை நாம் சிலம்பு, நீதி, மதுரை எரிந்தது என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அதில் புகார்க் காண்டத்தின் கடைசிப் பகுதியான நாடுகாண் காதை முழுக்க முழுக்க ஒரு பயணக் கட்டுரை. இருவரும் விடியும் முன்பே புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள். காவிரியின் வடகரையோடு மேற்கு நோக்கி நடக்கிறார்கள். இன்றைய வரைபடத்தில் பூம்புகாரில் விரலை வைத்து காவிரியோடு மேற்கே நகர்த்திப் பாருங்கள். மயிலாடுதுறை தாண்டி எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் விரல் போகும். இன்றும் கல்லணையையும் பூம்புகாரையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. கோவலன் போன திசைக்கு எதிர்த் திசையில் அதில் பைக்கில் வரலாம்.

கொஞ்ச தூரம் நடப்பதற்குள் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். இன்னும் முப்பது காதம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான் கோவலன். சிரிப்புக்குள் அழுகை இருக்கிறது. வண்டியின் பின்னால் உட்கார்ந்து "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்காத மனைவியும், "இதோ வந்துடும்" என்று சொல்லாத கணவனும் உலகத்தில் உண்டா என்ன?

வழியில் கவுந்தி அடிகள் என்ற சமணப் பெண் துறவி அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். அவர் சொல்லும் வழி எச்சரிக்கைகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சோலை வழியாகப் போனால், கிழங்கு தோண்டிய குழிகளைக் காய்ந்த சண்பகப் பூக்கள் மூடியிருக்கும், தெரியாமல் கால் வைத்துவிடுவீர்கள். அதற்குப் பயந்து பார்த்து நடந்தால் பலாப்பழம் முட்டும். வயல் வழியாகப் போனால், நீர்நாய் மீனைத் துரத்தும் சத்தத்தில் கண்ணகி பயந்துவிடக் கூடும். வரப்பில் நடந்தால் நண்டையும் நத்தையையும் மிதிக்க நேரும். அந்தக் காலத்து டெல்டா எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சோலையும் வயலும் மாறி மாறி வருகின்றன. எங்கும் தண்ணீர், எங்கும் பயிர். மனிதன் கை படாத வெறும் நிலம் அப்போதே குறைவுதான் என்று தோன்றுகிறது.

அடுத்து வரும் காட்சியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அரங்கத்தின் அருகே ஆற்றைக் கடந்து தென்கரையில் ஒரு சோலையில் தங்குகிறார்கள். அங்கே வந்த ஒருத்தியும் ஒருவனும், இந்த இரண்டு பேரும் யார் என்று கவுந்தியிடம் கேட்கிறார்கள். என் பிள்ளைகள் என்கிறார் கவுந்தி. "ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டா?" என்கிற பொருளில் அவர்கள் கிண்டல் செய்ய, கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். கவுந்திக்குக் கோபம் வந்துவிடுகிறது. இருவரும் நரியாகப் போங்கள் என்று சாபம் கொடுக்கிறார். பிறகு கோவலனும் கண்ணகியும் மனம் இரங்கிக் கேட்டுக்கொண்டதால், அந்தச் சாபம் பன்னிரண்டு மாதத்தோடு முடியும்படி ஆகிறது.

வழியில் தங்கியிருக்கும் ஜோடியைப் பார்த்து "நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்று விசாரிக்கும் வழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள்!

தங்குவதற்கு ஒரு ஏற்பாடு: சத்திரம்

நடந்து போன காலத்தில் ஒரு நாளில் போகக்கூடிய தூரம் கொஞ்சம்தான். அதனால் ராத்திரி தங்குவது பெரிய கேள்வி. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி என்று பல பதில்கள் இருந்தன. தஞ்சாவூரில் இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் பதில் சொன்னவர்கள் மராட்டிய மன்னர்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில், முக்கியமாக ராமேஸ்வரம் போகும் யாத்திரை வழியில், அவர்கள் சத்திரங்களைக் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், கடற்கரையோரம் ராஜாமடம், மீமிசல் என்று வரிசையாக வரும். பெரும்பாலானவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் அருமையான ஆவணம் இருக்கிறது. 1799ல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. இரண்டாம் சரபோஜி பெயருக்குத்தான் ராஜா. சத்திரங்களின் நிலங்களும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையில் 1801ல் அவர் தஞ்சையிலிருந்த ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திரத்தில் நடக்கும் காரியங்களை ஒவ்வொன்றாக விவரிக்கிறார்.

அவர் சொல்வதன் சுருக்கம் இதுதான். எந்தச் சாதியைச் சேர்ந்த வழிப்போக்கராக இருந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மசாலா சாமான்களும் கொடுத்துவிடுவார்கள். நடு ராத்திரி வரை சாப்பாடு நடக்கும். அப்புறம் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். உடம்பு சரியில்லாமல் போனால் வைத்தியர் பார்ப்பார், மருந்தும் பத்தியச் சாப்பாடும் கிடைக்கும், குணமாகும் வரை தங்கலாம். குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் இறந்துபோனால் அவரவர் முறைப்படி காரியம் செய்வார்கள். கர்ப்பிணிப் பெண் வந்து அங்கேயே பிரசவம் ஆனால், செலவு முழுவதும் சத்திரத்துடையது. பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம் வரை அங்கேயே இருக்கலாம்.

மூன்று மாதம்! இந்த வரியைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் கணவனோடும் குடும்பத்தோடும், கர்ப்பமாக இருக்கும்போதுகூட, அந்தச் சாலையில் பயணம் செய்தார்கள் என்பதற்கு இது சான்று. வராதவர்களுக்காக யாரும் விதி போட்டு வைக்க மாட்டார்கள் அல்லவா?

ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்குத் தனிக் கதை உண்டு. முக்தாம்பாள் சரபோஜியின் பிரியமான துணைவி, முறைப்படி மணம் செய்துகொள்ளாதவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சாகும் தறுவாயில் தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று அவர் கேட்டதாகவும், அதன்படி ராஜா கட்டியதாகவும் சொல்கிறார்கள். ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் வந்தது. தாலி கட்டாத ஒரு பெண்ணின் பெயரில் ஆயிரக்கணக்கான வழிப்போக்கர்கள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள்!

காமர்ஸ் மாணவன் கண்ணால் பார்த்தால் சத்திரத்தின் கணக்கு மிக எளிமை. நிலம் மூலதனம். அதைத் தொடக்கூடாது. நிலத்தில் வரும் நெல் வருமானம். அந்த வருமானம்தான் செலவுக்கு. வழிப்போக்கரிடம் காசு வாங்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே நிலம் போனால் சத்திரம் போச்சு. சரபோஜி கடிதம் எழுதியதன் காரணம் இப்போது புரிகிறதா?

சத்திரத்தை வானளாவப் புகழவும் வேண்டாம். எல்லாருக்கும் சோறு உண்டு என்பது எல்லாரும் ஒரே பந்தியில் என்று ஆகாது. சமையலிலும் பந்தியிலும் சாதி இருந்தது. அந்தக் குறையைச் சொல்லாமல் விட்டால் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியதாகிவிடும்.

பிறகு ரயில் வந்தது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சி இடையே ஓடத் தொடங்கிய ரயில், 1870களின் கடைசியில் மாயவரம் பக்கமும் வந்துவிட்டது. பத்து நாள் நடை ஒரு ராத்திரியாகச் சுருங்கியது. வழியில் தங்குவது என்பதே தேவையில்லாமல் போனது. சத்திரங்களில் சில பள்ளியாயின, சில மாணவர் விடுதியாயின, சில வௌவால்களுக்கு விடுதியாயின.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது

ரயிலுக்கு நேரம் உண்டு, பாதை உண்டு. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது மோட்டார் சைக்கிள்.

உலகத்தில் இரண்டு பேராகப் போன பழைய பயணங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1916ல் அமெரிக்காவில் அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனார்கள். வழியில் போலீஸ் அவர்களைப் பிடித்தது. வேகமாகப் போனதற்காக என்று நினைக்காதீர்கள், ஆண்கள் போடும் கால்சட்டையைப் போட்டிருந்ததற்காக! 1928ல் ஹங்கேரியைச் சேர்ந்த சுல்கோவ்ஸ்கி, பார்த்தா என்ற இரண்டு நண்பர்கள் பக்கவாட்டுத் தொட்டி வைத்த ஹார்லி டேவிட்சனில் கிளம்பி, எட்டு வருடம் உலகத்தைச் சுற்றினார்கள். இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்கள். 1934ல் கிளம்பிய தெரசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரான் என்ற இரண்டு பெண்கள் லண்டனிலிருந்து சகாரா பாலைவனம் வழியாக கேப்டவுன் வரை போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் ஒரு டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கணவன் மனைவி என்று பார்த்தால், ஆஸ்திரேலியாவின் பீட்டர், கே ஃபார்வுட் தம்பதியைச் சொல்ல வேண்டும். 1996ல் கிளம்பிய அவர்கள் ஒரே ஹார்லியில் நாடு நாடாகச் சுற்றினார்கள்.

நம் பக்கம் வருவோம். 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்காக 800 புல்லட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம்மூர் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். சில வருடங்களில் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1970ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது! 1977ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994ல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்து, பழையபடி ராயல் என்ஃபீல்டு என்று பெயர் ஏற்றது.

ஆனால் எங்கள் டெல்டாவில் புல்லட் வைத்திருந்தவர்கள் மிராசுதாரும் போலீஸ்காரரும்தான். சாதாரண ஜோடிக்குக் கிடைத்த வண்டி வேறு. 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும்படி வந்த முதல் மொபெட் அதுதான். முன்னால் நெல் மூட்டை, பின்னால் மனைவி, நடுவில் ஒரு பிள்ளை. இந்தக் காட்சியைப் பார்க்காத டெல்டாக்காரர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்!

இன்னொரு சின்னப் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பைக்குகளில் பின் சக்கரத்தின் இடது பக்கம் ஒரு கம்பி வலை இருக்குமே, சேலை கார்டு. அது அலங்காரம் கிடையாது, சட்டம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்காகக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. பின்னால் ஒரு பெண் சேலையோடு உட்காருவாள் என்று அரசாங்கமே எதிர்பார்த்து விதி எழுதியிருக்கிறது. சரபோஜி கடிதத்தில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு மூன்று மாதம் என்றது போலத்தான் இதுவும். ஜோடிப் பயணத்தின் வரலாறு இப்படிச் சின்னச் சின்ன விதிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இளைஞர்கள் வண்டி வாங்கியவுடன் முதல் வேலையாக அந்த கார்டைக் கழற்றிப் பரணில் போடுகிறார்கள். அக்காவோ அம்மாவோ பின்னால் உட்காரும் நாளில் அதன் அருமை தெரியும்.

டெண்ட் அடிக்கலாமா?

வண்டி கிடைத்துவிட்டது. திறந்தவெளியில் கூடாரம் போடலாமா?

காடு என்றால், தமிழ்நாடு வனச் சட்டம் 1882லிருந்தே இருக்கிறது. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். இதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அதே வருடம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. எந்தப் பாதை, யார் வழிகாட்டி, எந்தப் பருவம் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு வந்தது. அனுமதி வாங்கிப் போங்கள், அவ்வளவுதான்.

டெல்டாவில் காடு குறைவு. பெரும்பாலும் யாரோ ஒருவரின் வயல்தான். குறுவை, சம்பா, தாளடி என்று வருடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும். தண்ணீர் இல்லாத மாதங்களில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். கோடையில் வெள்ளை மணலாகக் கிடக்கும் காவிரியைப் பார்த்தால் டெண்ட் போட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பது வானத்தைவிட அணையின் மதகைப் பொறுத்தது. வழக்கமான நாள் ஜூன் 12. அது முன்னே பின்னே ஆகும். மழைக்காலத்தில் மேலே உபரி நீர் திறந்தால் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நிறையும். ஆகவே ஆற்று மணலில் படுப்பது வேண்டவே வேண்டாம். பகலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

அப்படியானால் டெல்டாவில் வெட்டவெளியில் தங்குபவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். அறுவடை முடிந்த பிறகு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தையோடு வருகிற கீதாரிகள். வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு எரு, அதற்குக் கூலி. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சின்னக் கூடாரத்தில் வயலிலேயே தங்குவார்கள். அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். இரண்டு நாள் கழித்து அடுத்த வயல். அவர்கள் வாழ்க்கையைச் சு. தமிழ்ச்செல்வி "கீதாரி" என்ற நாவலாகவே எழுதியிருக்கிறார். நாம் காசு செலவழித்து ஆசைப்படும் டெண்ட் வாழ்க்கை அவர்களுக்குப் பிழைப்பு. அவர்களால் முடிகிற காரணத்தைக் கவனியுங்கள். வயல்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவர் கூப்பிட்ட பிறகுதான் வந்து தங்குகிறார்கள். டெல்டாவில் டெண்ட் போட ஒரே வழி அதுதான். நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் டெண்டே வேண்டாம், திண்ணையில் படுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள்!

லாட்ஜ் வாசலில்

இப்போது என் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவம். என் பெரியம்மா மகள் அக்காவும் அத்தானும் கல்யாணமான அடுத்த வருடம் பைக்கிலேயே ராமேஸ்வரம் போனார்கள். குத்தாலத்திலிருந்து நீடாமங்கலம், மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல், தொண்டி வழியாக. ஊர்ப் பெயர்களை மேலே சொன்ன சத்திரங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெரியாமலே அவர்கள் பழைய யாத்திரை வழியிலேயே போயிருக்கிறார்கள்.

வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று இருட்டிவிட்டது. ஓர் ஊரில் லாட்ஜில் ரூம் கேட்டார்கள். ஊர் பெயரும் லாட்ஜ் பெயரும் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் அக்காவை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். ஜீன்ஸ், ஷூ, ஹெல்மெட். ஷூ போடுவதற்காக மெட்டியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள். "கல்யாணம் ஆனதுக்கு ஏதாவது காட்டுங்க" என்றாராம். இரண்டு பேரும் அடையாள அட்டை காட்டினார்கள். அக்காவின் அட்டையில் அப்பா பெயர்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மாற்றவில்லை. "வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல், முன்பின் தெரியாத சாலையில், இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் அத்தானுக்கு ரோடே தெரியவில்லையாம். அக்கா அவர் தூங்கிவிடக் கூடாதென்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

கவுந்தி அடிகள் அங்கே இருந்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு நரி கூடியிருக்கும்!

சரி, அந்தக் கவுண்டர்காரர் பக்கத்தையும் பார்ப்போம். போலீஸ் சோதனை வந்தால் மாட்டுவது அவர். ஒரு ரூம் வாடகைக்காகத் தலைவலியை விலைக்கு வாங்குவானேன் என்று நினைத்திருப்பார். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 2019 டிசம்பரில், கோவையில் ஒரு தங்கும் விடுதி மூடி முத்திரையிடப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. மணமாகாதவர்களுக்கே தடை இல்லை என்னும்போது, மணமானவர்களிடம் அத்தாட்சி கேட்பது எந்த ஊர் நியாயம்? வயது வந்தவர்கள் என்பதற்கும் யார் என்பதற்கும் அடையாள அட்டை போதும்.

யோசித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. சத்திரத்தில் காசு வாங்கவில்லை, சரபோஜியின் பட்டியலில் கல்யாண அத்தாட்சி பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. லாட்ஜில் காசும் கொடுக்க வேண்டும், அத்தாட்சியும் காட்ட வேண்டும். சத்திரத்தின் கேள்வி "சாப்பிட்டாச்சா?" லாட்ஜின் கேள்வி "கல்யாணம் ஆச்சா?" இருநூறு வருடத்தில் சாலை அகலமானது, வண்டி வேகமானது. கேள்வி மட்டும் குறுகிப்போனது.

திருமணஞ்சேரி வழி

இத்தனைக்கும் எங்கள் பகுதியே ஒரு கல்யாணப் பயணத்தின் மேல் கட்டப்பட்டது. சிவன் பார்வதி திருமணக் கதை இங்கே ஓர் ஊரில் முடிவதில்லை. மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்தது எதிர்கொள்பாடி. வேள்வி நடந்தது திருவேள்விக்குடி. திருமணம் நடந்தது திருமணஞ்சேரி. குத்தாலம் கோயிலில், சுவாமிக்குக் குடையாக வந்த உத்தால மரமும் அவர் விட்டுச் சென்ற பாதுகையும் இருப்பதாகத் தல புராணம் சொல்கிறது. குத்தாலத்தில் செருப்பை விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டினால் கல்யாணம்!

இன்று கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் எங்கெங்கிருந்தோ திருமணஞ்சேரி வருகிறார்கள். அர்ச்சனை செய்து கொடுக்கும் மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக அதைக் கொண்டுவந்து நன்றி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். முகூர்த்த மாதங்கள் முடிந்த பிறகு எங்கள் ஊர் ரயிலடிப் பக்கமும் கடைவீதியிலும் நின்று பாருங்கள். புது மஞ்சள் கயிறு, புது பைக், வண்டியின் முன் பையில் காய்ந்த மாலை. இதுவும் ஜோடிப் பைக் பயணம்தானே? வெள்ளைக்காரன் பழக்கம் என்று சொன்ன என் நண்பனுக்கு இதுதான் என் பதில்.

இந்த ஜோடிகள் பெரும்பாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். மஞ்சள் கயிறு புதிதாக இருக்கும்வரை யாரும் கேள்வி கேட்கப் போவதுமில்லை. எல்லா ஜோடியும் அப்படி அடையாளம் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள், வர வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ராமேஸ்வரம் வழியில் இருக்கும் பழைய சத்திரங்களில் ஒன்றிரண்டையாவது பழுது பார்த்து, வழிப்போக்கர் தங்கும் இடமாகத் திரும்பத் திறக்கலாம். இலவசம் வேண்டாம், நியாயமான வாடகை வாங்கட்டும். சுத்தமான கழிவறை, பைக் நிறுத்த இடம், முற்றத்தில் ஒரு மூலையில் டெண்ட் போட அனுமதி, இவ்வளவு போதும். கட்டடம் இருக்கிறது, சாலை இருக்கிறது, வருகிறவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நஷ்டம் வரும் தொழிலாக எனக்குத் தெரியவில்லை. அது நடக்கும்வரை, ஜோடியாக பைக்கில் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இருட்டுவதற்கு முன் தங்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் அடையாள அட்டை, இரண்டு பேருக்கும் ஹெல்மெட். சேலை கார்டைக் கழற்றாதீர்கள். ஆற்று மணலில் படுக்காதீர்கள். வயலில் தங்க ஆசை என்றால் வயல்காரரைக் கேளுங்கள்.

லாட்ஜ் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி பத்து மணிக்கு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்து நின்றால், முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். மிச்சத்தை ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த கட்டுரையில் மாயவரம் ரயில் பாதை பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். செமஸ்டர் பரீட்சை விட்டால்!